ஓம் என்றொரு பொத்தான்

நாகலெட்சுமிக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒரே ஒரு கடிதம். காதல் கடிதமென்றால் இரண்டு வந்தன. இரண்டிலும் எழுத்துப்பிழை இருந்ததால் அடுப்பில் போட்டுவிட்டாள். அவள் காத்திருந்தது, ‘இத்தால் தாங்கள் நிரந்தரமாக்கப்படுகிறீர்கள்’ என்று கம்பனியின் தலைப்புத் தாளில் அச்சாகி வரும் கடிதத்துக்கு. அது வந்தால் ஊசிப்பாறைத் தோட்டத்து உத்தியோகத்தர் வீடுகளில் ஒன்று கிடைக்கும். வராதவரை தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஏழாம் காம்பரா என்ற ஒற்றை அறையில், மூன்று இடத்தில் ஒழுகும் தகரத்தின் கீழ் மூன்று சட்டி வைத்துக்கொண்டு அம்மாவோடு இருக்க வேண்டும். வட்டவளைப் பக்கத்தில் மழை எப்போது பெய்யும் என்று யாரும் கேட்பதில்லை. எப்போது நிற்கும் என்றுதான் கேட்பார்கள்.

அவள் பிறந்ததும் அதே காம்பராவில்தான். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தாள். மகளும் பறிப்பாள் என்று தோட்டமே முடிவு கட்டியிருந்தது. நாகலெட்சுமி மட்டும் அந்த முடிவில் கையெழுத்துப் போடவில்லை. ஹட்டனுக்குப் பஸ் ஏறிப் போய் உயர்தரம் வரை படித்தாள். அங்கே தமிழ் படிப்பித்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஜெயமலர் டீச்சர். எதைக் கேட்டாலும் ‘ஓம், ஓம் பிள்ளை’ என்பார். டீச்சர் ஓயாமல் மந்திரம் சொல்கிறார் என்று முதல் வாரம் பிள்ளைகள் மரியாதையாகக் கை கட்டி நின்றார்கள். மலையகத்தில் ‘ஆமாங்க’ என்பதைத்தான் யாழ்ப்பாணத்தில் ‘ஓம்’ என்கிறார்கள் என்பது இரண்டாம் வாரம்தான் விளங்கியது. அதன்பிறகு நாகலெட்சுமிக்கு அந்தச் சொல் பழகிவிட்டது. இந்தப் பழக்கம்தான் பின்னால் அவள் காலை வாரிவிட்டது.

பல்கலைக்கழகத்துக்கு எட்டுப் புள்ளி குறைந்தது. எட்டுப் புள்ளிக்காக அழுது தீர்க்கத் தோட்டத்தில் நேரம் ஏது? ஹட்டன் கடைவீதியில் ரிஸ்வி நானா தன் துணிக்கடைக்கு மேல்மாடியில் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தாள். பதினான்கு மாணவருக்கு இரண்டு கம்ப்யூட்டர், அதில் ஒன்று பழுது. முதல் இரண்டு மாதமும் கொப்பியில் கீபோர்டை வரைந்து அதன்மேல் விரல் பழகினார்கள். அப்படிப் பழகிய விரலோடு இரண்டாயிரத்து இரண்டில் தொழிற்சாலை ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்டாக நுழைந்தாள். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருளோ தெரியாது. ஊசிப்பாறையில் அதற்கு ஆறு வருடம் என்று பொருள்.

இரண்டாயிரத்து எட்டில், கம்பனியிடம் தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் திடீரென்று மனசாட்சி விழித்துக்கொண்டது. தொழிலாளர் ஒருவரையொருவர் மதிக்கப் பயிற்சி பெற்றிருந்தால்தான் இனி அந்தத் தேயிலை தங்கள் தொண்டைக்குள் இறங்கும் என்றார்கள். லயத்துத் தகரம் ஒழுகுவது அவர்கள் தொண்டையைத் தொந்தரவு செய்ததாகத் தகவல் இல்லை. கம்பனி உடனே ‘பல்லின, பல்மதத் தொழிலாளருக்கான இணையவழிப் பணியிடப் பயிற்சி’ ஒன்றைச் செய்வித்தது. தயாரித்தவர் வெளிநாட்டு நிபுணர் ஒருவர். மலைநாட்டுப் பண்பாட்டை ஆராய நான்கு நாள் வந்தார். அதில் மூன்று நாள் நுவரெலியாவில் ஓட்டல் கணப்படுப்பின் முன்னால் உட்கார்ந்து ஆராய்ந்தார்.

பயிற்சி மிக அழகாக இருந்தது. அதில் ஒரு சிங்களவரும் ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் குளிரூட்டிய அறையில் கோப்பி ஊற்றும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பரஸ்பரம் மதித்துக்கொண்டார்கள். தேயிலைத் தோட்டத்துப் பயிற்சியில் கோப்பி இயந்திரம் ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த படத்தில் பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்த பெண் ஒருத்தி கொழுந்து பறித்தாள். அதைப் பார்த்த மீனம்மா என்ற கொழுந்துக்காரி, ‘இந்தப் பொம்பள கல்யாண வீட்டுக்குப் போற வழியில வேலைக்கு வந்துருக்கா’ என்றாள். ஆக மொத்தம் அந்தப் பயிற்சியில் தோட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்ல, காலில் ஏறி இரத்தம் குடிக்கும் ஒரு அட்டை கூட இல்லை.

முடிவில் முப்பது கேள்விகள். எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்காக ஒரு குரல் கேள்வியைக் கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் பதில் அமுக்காவிட்டால் மறுபடியும் கேட்கும். பதில் சொல்ல இரண்டே பொத்தான். இதைத் தமிழாக்கியவர் கம்பனியின் கொழும்புத் தலைமையகத்தில் இருந்த கஜதீபன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். நல்ல மனிதர். ‘மக்கள் பேசும் தமிழில் எழுதுங்கள்’ என்று அவருக்கு உத்தரவு. தன் மக்கள் பேசும் தமிழில் எழுதினார்: ஒரு பொத்தானில் ‘ஓம்’, மற்றதில் ‘இல்லை’.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. படம் வரைந்த பையனுக்குத் தமிழ் தெரியாது. பச்சை நிறத்தில் வட்டமாக அவன் வரைந்த பொத்தானுக்குள் ‘ஓம்’ என்ற இரண்டு எழுத்தும் ஒழுங்காக அடங்கவில்லை. எழுத்துப் பட்டியலைத் துழாவினான். ‘ஓம்’ என்று ஆங்கிலத்தில் பெயர் போட்டு ஒற்றை எழுத்தாக, கோயில் கோபுரத்தில் மின்குமிழ் போட்டு எரிய விடுகிறார்களே, அந்த ௐ அகப்பட்டது. வட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. கொழும்பில் எல்லாரும் பார்த்து மெச்சினார்கள்.

பயிற்சியைத் தோட்டத்தில் நடத்தும் ‘உதவுநர்’ வேலை நாகலெட்சுமிக்கு வந்தது. முந்நூறு பேரும் முடித்து, அறிக்கையும் சுத்தமாக வந்தால் நிரந்தரக் கடிதம் நிச்சயம் என்று தொரை சொன்னார். தோட்டத்தை நிர்வகிக்கும் அந்தப் பெரிய தொரை நல்ல சிங்களவர். ஆனால் தமிழ் பேசினால் எல்லாச் சொல்லும் கட்டளையாகத்தான் வரும், அப்படித்தான் கற்றிருந்தார். அவர் ‘கடிதம் வரும், போ’ என்றதே அவளுக்கு வாழ்த்துப் போலக் கேட்டது. அன்றிரவு அம்மாவிடம், புது வீட்டில் அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்று பேசினாள்.

பொத்தானை அவள் முன்கூட்டியே பார்த்தாள்தான். ஜெயமலர் டீச்சரிடம் படித்த கண்ணல்லவா? கண்டதும் ‘ஆமாம்’ என்று படித்துவிட்டு நகர்ந்தது. யாழ்ப்பாணத்து மாஸ்டர்மாரின் ‘ஓம்’ லயத்துக் காதுகளுக்கும் ஓரளவு தெரியும். ஆனால் லயத்துக் கண்கள் அந்த ௐ என்பதைக் கண்டது மாரியம்மன் கோயில் முகப்பில் மட்டும். போதாக்குறைக்கு, சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கம்ப்யூட்டர் நெற்றியில் அப்படியே காய்ந்து கிடந்தன.

காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போதே, கண்டாக்கு ஆண்டியப்பன் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக அனுப்பிவைத்தார். கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் கண்டாக்கு அவர். திருவிழாவில் தேர் வடம் தொட்டுக் கொடுப்பதும் அவரே. பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். பதில் அமுக்கிவிட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கம்ப்யூட்டருக்கு இவ்வளவு மரியாதையா என்று நாகலெட்சுமி நெகிழ்ந்து போனாள். கிட்டப் போய்ப் பார்க்க அவளுக்கு அனுமதியில்லை. பதில்கள் இரகசியமாம், உதவுநர் பத்தடி தள்ளி நிற்க வேண்டுமாம். அந்த இரகசியத்தைக் காப்பாற்றத்தான் ஒவ்வொருவரும் முதலில் தன் பதிவு இலக்கத்தை அடிக்க வேண்டியிருந்தது.

இலை தரம் பிரிக்கும் பகுதியில் வேலை செய்த அஸீலா மட்டும் வெளியே போகும்போது, ‘நான் அதத் தொடல்ல தங்கச்சி, மத்ததையே அமுக்கிட்டு வந்தேன்’ என்றாள். தொலைபேசி மணி அடித்து, அதே கம்பியில் வந்த இணைய இணைப்பு அறுந்துபோன நேரம் அது. அதைச் சரிசெய்யும் அவசரத்தில் நாகலெட்சுமி தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்றாம் வாரம் கொழும்பில் பெரிய திரையில் வட்டப்படம் போட்டுப் பார்த்தார்கள். ஊசிப்பாறையின் இந்துக்கள் முப்பது கேள்விக்கும் ஆம். வேலை நேரத்தில் குடிப்பீர்களா? ஆம். பிற மதத்தவரை மதிப்பீர்களா? ஆம். அவமதிப்பீர்களா? அதற்கும் ஆம். வட்டப்படத்தில் பார்த்தவரை, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் முப்பதுக்கும் இல்லை. ‘நீங்கள் இந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறீர்களா’ என்ற முதல் கேள்விக்கே இல்லை. சிங்களப் பதிப்பில் பதில் சொன்ன பத்துப் பதினைந்து பேர் மட்டும் சிலதுக்கு ஆம், சிலதுக்கு இல்லை என்று மனிதர் மாதிரிச் சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றையும்விடக் கொழும்பைக் கதிகலங்க வைத்தது பதினேழாவது கேள்வி. ‘உங்கள் மேலதிகாரி உங்களைத் தகாத முறையில் தொட்டதுண்டா?’ நூற்றுக்கணக்கில் ஆம். வெளிநாட்டுக்காரர்கள் கண்டால் தேயிலை துறைமுகத்திலேயே கிடக்கும்.

கஜதீபன் ஓடி வந்தார். அப்போது யுத்த காலம். யாழ்ப்பாணத்துப் பேர் என்பதால் வழியில் மூன்று இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்களாம். வந்தவர் மீனம்மாவைக் கூப்பிட்டு, ஏன் எல்லாவற்றுக்கும் பச்சைப் பொத்தான் என்று கேட்டார். மீனம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“ஒரு பக்கம் சாமி இருக்கு, இன்னொரு பக்கம் இல்லைன்னு இருக்கு. சாமிய விட்டுட்டு இல்லைய அமுக்குனா, சாமி இல்லைன்னு சொன்ன மாதிரி ஆகாதுங்களா?”

கஜதீபன் நெற்றியைத் தேய்த்தார். ‘எங்கட ஆக்கள் கதைக்கிற மாதிரித்தானே எழுதினனான்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாகலெட்சுமிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்த ஆள் வெளியூர், தெரியாது. இவள் ஏழாம் காம்பராவிலேயே பிறந்தவள். இவளுக்கு என்ன வந்தது?

கொழும்புக்கு மட்டும் போன உயிர் திரும்பி வந்தது. குற்றம் என்று எதுவுமில்லை, எல்லாம் மொழிப்பிழை. ஆம் என்ற பதில் எல்லாம் தள்ளுபடி. ஆண்டியப்பன் தரத்தில் உள்ளவர்களுக்குத் தனிக் கேள்வித்தாள் இருந்தது. அதில் பதினேழாவது கேள்வி, ‘உங்களுக்குக் கீழ் வேலை செய்பவரைத் தகாத முறையில் தொட்டதுண்டா?’ பக்திமானான ஆண்டியப்பன் அதற்கும் பச்சையைத்தான் அமுக்கியிருந்தார். ஆயுளில் அவர் சொன்ன ஒரே உண்மையும் மொழிப்பிழை என்று அடிபட்டுப் போயிற்று.

மறுநாள் தொரையின் மேசையில் இரண்டு தாள் இருந்தன. ஒன்று, எல்லா ஆம்களும் தவறுதலாக நேர்ந்தவை, தோட்டத்தில் முறைப்பாடு எதுவும் இல்லை என்ற அறிக்கை; உதவுநர் கையெழுத்துப் போட வேண்டும். மற்றது நீளமான வெள்ளை உறை. உறையில் அவள் பெயர் அடித்திருந்தது. தொரை பேனாவின் மூடியைக் கழற்றியே கொடுத்தார்.

நாகலெட்சுமி பேனாவை வாங்கினாள். அறிக்கையோடு இணைத்திருந்த பதில் பட்டியலை ஒருமுறை புரட்டினாள். நல்ல டைப்பிஸ்டுக்கு உள்ள வியாதி அது, வாசிக்காமல் கையெழுத்துப் போட வராது. பக்கம் பக்கமாக ஆம், பிறகு இல்லை. இல்லைகளின் நடுவில் ஒரு வரி மட்டும் உடைந்திருந்தது. பதினாறு இல்லை, ஒரு ஓம், மறுபடியும் பதின்மூன்று இல்லை. இலக்கம் நானூற்றுப் பன்னிரண்டு.

அது சவரியம்மாவின் இலக்கம். மாதா கோயிலுக்கு வெள்ளி, ஞாயிறு தவறாத வேதக்காரி. மாரியம்மன் திருவிழாச் சோற்றைக்கூடத் தொடாதவள். நாகலெட்சுமிக்கு அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. பத்தடி தள்ளி நின்றபோது, பதினேழாவது கேள்வியை அந்தக் குரல் திரும்பத் திரும்ப நான்கு முறை கேட்டது. வயதான மனுசி தூங்கிவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தாள். சவரியம்மா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, அதன்பிறகுதான் விரலை நீட்டினாள்.

“நாளைக்குப் போடுறேங்க” என்றாள் நாகலெட்சுமி. தொரை கையை நீட்டிப் பேனாவைத் திரும்ப வாங்கி மூடினார்.

பின்னேரம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சவரியம்மாவைக் கண்டாள். கை தவறி அமுக்கியதா என்று கேட்டாள். சவரியம்மா வாளியைப் பீலியின் கீழ் சரியாக வைத்துவிட்டு, கொழுந்து நிறுக்கும் கொட்டிலில் ஆண்டியப்பன் கூடையைத் தூக்கிவிடுகிற சாக்கில் என்ன செய்வார் என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். தனக்கு மட்டுமில்லை, தன் மகளுக்கும் என்றாள். இதுவரை யாரும் கேட்கவில்லை, கேட்டது அந்தப் பெட்டி ஒன்றுதான் என்றாள். ஆறு வருடம் அந்தக் கொட்டிலின் நிறைப் புத்தகத்தை டைப் பண்ணியவள் நாகலெட்சுமி. அவளும் கேட்டதில்லை.

“ஆனா அது சாமி எழுத்துங்களே, நீங்க எப்படித் தொட்டீங்க?”

“இன்னொண்ணு இல்லைன்னு இருந்துச்சு. எனக்கு இல்லைன்னு சொல்ல முடியல” என்றாள் சவரியம்மா. “மாதாகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டுத்தான் தொட்டேன்.”

அது சாமி எழுத்தாக எழுதப்படவில்லை, அந்தக் கொழும்பு சாரின் ஊரில் ‘ஆமா’ என்பதற்கு அதுதான் சொல் என்று நாகலெட்சுமி விளக்கினாள். நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்டால் சொல்வீர்களா என்றும் கேட்டாள். சவரியம்மா நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, ‘கேக்கச் சொல்லு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் நாகலெட்சுமி அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்தாள். தொரை வெள்ளை உறையை எடுத்து, அவள் பார்க்கவே, மேசையின் இழுப்பு லாச்சிக்குள் போட்டார். கஜதீபன் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய், ஒரு ஆளின் ஒரு பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும், கை தவறியது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அவள் அந்த நாலு தடவைக் குரலையும் சிலுவையையும் சொன்னாள். அவர் பிறகு உள்ளே போய், விசாரிக்காமல் தன்னாலும் கையெழுத்துப் போட முடியாது என்று தொரையிடம் இங்கிலீசில் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பேரோடு கொழும்பில் வேலையைக் காப்பாற்றி வைத்திருக்கும் மனிதருக்கு அது சின்ன வாக்கியம் இல்லை.

விசாரணை முறைப்படி நடந்தது. முறைப்படி என்றால், குற்றம் சாட்டப்பட்டவருக்கு நாற்காலி, முறையிட்டவளுக்கு நிற்க இடம். ஆண்டியப்பன் திருநீறு பளிச்சென்று தெரிய உட்கார்ந்திருந்தார். நாகலெட்சுமி மூலையில் கம்ப்யூட்டரின் முன்னால், பேசுவதை அடித்தெடுக்கும் வேலையில். தொரை சவரியம்மாவிடம், ‘கை தவறி அமுக்கினது, சரியா, சொல்லு, போ’ என்றார். கேள்வி, பதில், அனுமதி மூன்றும் அதிலேயே அடங்கிவிட்டன. சவரியம்மா போகவில்லை.

கஜதீபன் எழுந்து நின்றார்.

“அம்மா, பயப்பிடாமச் சொல்லுங்கோ. நீங்கள் தெரிஞ்சுதான் அந்தப் பொத்தானை அமுக்கினனீங்களோ? இவர் உங்களுக்குக் கரைச்சல் குடுத்தவரோ?”

சவரியம்மா ஆண்டியப்பனைப் பார்க்கவில்லை, தொரையையும் பார்க்கவில்லை. கேள்வி கேட்டவரின் முகத்தை நேராகப் பார்த்தாள். இந்தத் தடவை யாரும் மொழிப்பிழை என்று சொல்லிவிடக் கூடாது என்பதில் அவளுக்குக் கவனம் இருந்தது.

“ஓம்” என்றாள். “ஓம் சார். எனக்கும், எம் மகளுக்கும்.”

கஜதீபன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். தன் ஊர்ச் சொல்லை அவ்வளவு கனமாக அவர் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்.

ஆண்டியப்பன் ‘உடல்நிலை காரணமாக’ வேலையை விட்டுப் போனதும், அடுத்த மாதம் இன்னும் ஆறு பெண்கள் வாய் திறந்ததும், பொத்தானில் ‘ஆம்’ என்று மாற்றிவிட்டுக் கம்பனி அதற்கு ஒரு விருது வாங்கியதும் பிறகு நடந்தவை. விருது விழாவுக்கு ஊசிப்பாறையிலிருந்து யாரையும் அழைக்கவில்லை. தொரை மாறிப் புதுத் தொரை வந்து லாச்சியைத் துப்புரவு செய்தபோது வெள்ளை உறை அகப்பட்டது. இரண்டு வருடம், இரண்டு மழைக்காலம். அதுவரை நாகலெட்சுமியின் அம்மா, சட்டியை மாற்றி வைக்கும் ஒவ்வொரு தடவையும் மகளைத் திட்டினாள். திட்டி முடித்ததும், சவரியம்மா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாமே என்று விசாரிப்பாள்.

விசாரணை நடந்த அன்று பின்னேரம் அதெல்லாம் யாருக்கும் தெரியாது. அறையில் எல்லாரும் போன பிறகு நாகலெட்சுமி விசாரணைக் குறிப்பைச் சுத்தமாக அடித்தாள். சவரியம்மாவின் பதில் வந்த இடத்தில், பச்சைப் பொத்தானில் இருந்த அந்த ஒற்றை எழுத்தைப் போடாமல், ஓ, ம் என்று தனித்தனியாகத் தட்டினாள். அச்செடுத்து, ஆரம்பத்திலிருந்து ஒருமுறை வாசித்தாள். பிழை இல்லை. அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள்.